படத்தின் பின்புறத்தில் எழுதப்படாத பெயர்கள்

ஒரு நாட்டின் கடற்படை தன் வெற்றிகளைப் பதிவு செய்து வைப்பதில் வியப்பில்லை. ஆனால், பயன்பாடு முடிந்து பழைய இரும்பாக விற்றுத் தள்ளிய கப்பல்களைக்கூட பெயர், இலக்கம், திகதி, இடம் என்று குறித்து, படம் படமாகப் பாதுகாத்து வைத்திருப்பது வியப்புக்குரியதே. அமெரிக்கக் கடற்படையின் ஆரம்பகால நாசகாரிக் கப்பல்களின் புகைப்படங்களை அண்மையில் சில இரவுகள் தொடர்ந்து இணையத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கரவெட்டிக்காரனுக்கும் அமெரிக்க நாசகாரிக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது, அதைச் சொல்லவே இந்தப் பதிவு.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோர்பிடோ படகு என்ற சிறிய கலம், பென்னாம்பெரிய போர்க்கப்பல்களை நடுங்க வைத்தது. அந்தப் படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே பிரித்தானியர் 1893இல் 'ஹவொக்' என்ற கப்பலை நீரில் இறக்கினர். நாசகாரி என்ற இனம் இப்படித்தான் பிறந்தது. 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டபோது அமெரிக்காவும் விழித்துக்கொண்டு 16 நாசகாரிகளைக் கட்ட அனுமதி வழங்கியது. அவற்றில் முதலாம் இலக்கத்தைப் பெற்றது 'பெயின்பிரிட்ஜ்'. 250 அடி நீளம், 420 தொன் எடை, நிலக்கரியில் இயங்கும் இயந்திரம், வரிசையாக நான்கு புகைபோக்கிகள். 1902 நவம்பரில் அது சேவையில் இணைந்தது.

அக்காலப் படங்கள் பல கண்ணாடித் தகடுகளில் எடுக்கப்பட்டவை. எனவே இன்று கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் நுணுக்கம் குலைவதில்லை. உடல் ஒடுங்கிய கப்பல், தாழ்ந்த மேற்றளம், அதில் நின்று படப்பெட்டியை முறைத்துப் பார்க்கும் மாலுமிகள், சில படங்களில் கயிற்றில் உலரும் உடுப்புகள். போர்க்கப்பல் என்ற மிடுக்கைவிட, நெருக்கடியான ஒரு வீட்டில் பலர் சேர்ந்து குடியிருக்கும் சாயலே அவற்றில் தெரிகிறது.

பெயின்பிரிட்ஜ், பரி, சோன்சி, டேல், டிகேற்றர் ஆகிய ஐந்து நாசகாரிகள் 1903 டிசெம்பரில் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு, அத்திலாந்திக்கைக் கடந்து, சூயஸ் கால்வாய், செங்கடல், இந்து சமுத்திரம் வழியாக 1904 ஏப்ரலில் மணிலா விரிகுடாவைச் சென்றடைந்தன. அத்தகைய சிறு கலங்களுக்கு அது அசுரப் பயணம். இவற்றில் டிகேற்றரை 1908இல் தரைதட்ட வைத்துக் கண்டனத்துக்குள்ளான இளம் அதிகாரிதான், பின்னர் இரண்டாம் உலகப்போரில் பசுபிக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய செஸ்ரர் நிமிற்ஸ். சோன்சி 1917 நவம்பரில் ஜிப்ரால்டருக்கு மேற்கே ஒரு வணிகக் கப்பலுடன் மோதி மூழ்கியது. ஏனையவை போர் முடிந்த கையோடு விற்கப்பட்டன. கப்பல்கள் இல்லை, அவற்றின் முகங்கள் வாஷிங்டனில் இருக்கின்றன.

அங்கே என்னைக் கவர்ந்தது படத்தைவிட படத்தின் கீழுள்ள குறிப்புத்தான். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு, யார் அன்பளிப்புச் செய்தது என்ற விபரம் சுருக்கமாக இருக்கிறது. அன்பளிப்புச் செய்தோரில் பலர் சாதாரண மாலுமிகளும் அவர்களுடைய குடும்பத்தாருமே. பாட்டனின் பெட்டிக்குள் கிடந்த படத்தைப் பேரன் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறான். வல்லரசின் பணம் கட்டடத்தைக் கட்டித் தந்திருக்கலாம். அதற்குள் இருப்பவற்றில் ஒரு பெரும் பங்கைத் தந்தவை வீட்டுப் பெட்டிகள்.

அதற்காக அந்தக் களஞ்சியத்தை நான் கோயிலாக்கவில்லை. அந்த ஐந்து கப்பல்களும் மணிலாவுக்குப் போனது உல்லாசத்துக்கு அன்று. பிலிப்பைன்ஸ் மக்களை அமெரிக்கா போரில் அடக்கிய சூட்டோடு, அந்த ஆட்சிக்குக் காவலாகவே சென்றன. கப்பலில் நின்றவனின் படம் கிடைக்கிறது. கரையில் நின்றவனின் பெயர் கிடைப்பதில்லை. ஆவணம் வைத்திருப்பவன் பக்கம்தான் வரலாறு சாயும் என்பதற்கு இதுவும் சான்று.

இனி எமது கடலுக்கு வருவோம். கரவெட்டி வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர். ஆயினும் சில மைல் வடக்கே வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர்பெற்ற அந்தத் துறையில் சுந்தர மேஸ்திரியார் கட்டிய 'அன்னபூரணி'யின் கதையை வடமராட்சியில் அறியாதவர் குறைவு. ஏறத்தாழ 90 அடி நீளமான அந்தக் கப்பலை 1930களில் விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர். 'ஸ்வாப்' என்ற சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகத்தைச் சுற்றி வந்தவர் அவர். தமது மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார்; அன்னபூரணி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆனாள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும் செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரமிட்டனர். நாசகாரிகள் நிலக்கரிப் புகையோடு கிழக்கு நோக்கி வந்த அதே சூயஸ் வழியில், 34 ஆண்டுகளின் பின், எமது வேம்பும் இலுப்பையும் காற்றை நம்பி மேற்கு நோக்கிப் போயின. அதே றொபின்சன்தான் இரண்டாம் உலகப்போரின்போது தமது கப்பல் கட்டும் தளத்தில் அமெரிக்கக் கடற்படைக்குச் சிறு கலங்களைக் கட்டிக் கொடுத்தார்.

அன்னபூரணியின் படங்களாக நான் பார்த்தவை, அவள் பெயர் மாறிய பின்னர் எடுக்கப்பட்டவை. வல்வெட்டித்துறைக் கரையில் பலகை பலகையாக அவள் எழும்பிய காட்சியையோ, வாடியில் நின்ற தச்சர்களையோ, பாய் தைத்தவர்களையோ காட்டும் படம் ஒன்றேனும் என் கண்ணில் பட்டதில்லை. எமது கப்பலின் முகத்தை அறிய வாங்கியவனின் படப்பெட்டியை நம்பியிருக்கிறோம். என் மனத்தை அரிப்பது இதுதான்.

படம் எடுக்க வசதியில்லாத காலம் என்று முழுவதையும் தள்ளிவிட முடியாது. கொழும்பில் ஸ்கீன், பிளாட்டே முதலிய நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தொழில் நடத்தின. பின்னாளில் யாழ்ப்பாணத்திலும் ஸ்ரூடியோக்கள் பெருகின. கல்யாணம், பள்ளிக்கூடம், ஏன், செத்தவீட்டில்கூட சுற்றம் சூழ நின்று படமெடுத்த சமூகம் எங்களுடையது. எடுத்த படங்கள் எங்கே என்பதே கேள்வி. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1987இல் வடமராட்சி மீதான இராணுவ நடவடிக்கையில் வீடுகள் அழிந்தன. 2004 டிசெம்பர் 26இல் கடல் கரையோரத்தை வழித்துக்கொண்டு போனது. இவற்றுக்கு மேலாக இன்னொன்றும் உண்டு: சோதனைக்கு அஞ்சி, பிள்ளைகளின் படங்களைத் தாய்மார் தம் கையாலேயே அடுப்பில் போட்ட காலம் அது. ஒரு முகத்தை வைத்திருப்பதே குற்றமாகும் ஊரில் ஆல்பம் எப்படி மிஞ்சும்?

இவற்றோடு எமது அசட்டையும் சேர்ந்துகொண்டது. நான் பணியாற்றிய ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் படங்களுக்குச் செய்த உலோக 'புளொக்'குகள் சாக்குக் கணக்கில் குவிந்து கிடந்தன. எது யாருடையது என்று குறிப்பெழுதும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. ஒருநாள் அவை நிறுத்து விற்கப்பட்டன. அமெரிக்கர் கப்பலைப் பழைய இரும்புக்கு விற்றுப் படத்தை வைத்துக்கொண்டனர். நாம் படத்தையே பழைய இரும்புக்கு விற்றோம்.

படப்பெட்டியின் முன் நிற்க இடம் கிடைக்காதவர்களையும் மறக்கலாகாது. கப்பலுக்குச் சொந்தக்காரர் நாற்காலியில் அமர்ந்து படமெடுத்திருப்பார். மரம் அறுத்தவர் நின்றிருக்க மாட்டார். சாதியின் பெயரால் பள்ளி வாசலில் மறிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக கா. சூரன் கரவெட்டியில் தொடக்கிய தேவரையாளி இந்துக் கல்லூரியின் பழைய வகுப்புப் படங்கள் எந்தெந்த வீடுகளில் இருக்கின்றன? பெரிய வீடுகளின் ஆல்பங்களை மட்டும் சேகரித்தால், கரையில் நின்றவனைத் தவறவிட்ட அமெரிக்கக் களஞ்சியத்தின் குறையையே நாமும் செய்தவர்களாவோம்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். குமிழ்முனைப் பேனா வேண்டாம். அழுத்தமும் மையும் முன்பக்கத்தைக் கெடுக்கும். பசைத்தாள் ஒட்டிய ஆல்பங்களிலிருந்து படங்களைப் பக்குவமாக மீட்டெடுங்கள். பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடாக்கி ஒட்டுவதைத் தவிருங்கள். வருடியில் பிரதியெடுக்கும்போது பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் பாதுகாத்துவரும் 'நூலகம்' முயற்சி, இத்தகைய ஆவணங்களுக்கும் இடமளிக்கிறது. மூலப்படம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பிரதி ஊருக்குப் போதும்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. படம் இன்னும் 50 வருடம் தாங்கக்கூடும். அதில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய ஆச்சி அத்தனை காலம் இருக்கமாட்டார். ஆகவே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வரும் அடுத்த விடுமுறையில், கோயில் திருவிழாவுக்கும் விருந்துக்கும் இடையே ஒரு பின்னேரத்தை ஒதுக்குங்கள். ஆல்பத்தை ஆச்சியின் மடியில் வையுங்கள். பேரப்பிள்ளையின் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள்.