பைப் மூட்டில் ஒரு கறுப்புக் கோடு

பெட்ரோல் மாடல் காரை மேசைமேல் ஏற்றி மேல்கூட்டைக் கழற்றியதும் என் கண் முதலில் போவது சைலன்சர் பைப்பின் மூட்டுகளுக்குத்தான். சிலிண்டரோடு பைப் சேரும் இடம் ஒன்று. வளைவுக் குழாய் முடிந்து, வயிறு பெருத்த பைப் தொடங்கும் இடம் இன்னொன்று. அங்கே பிசுபிசுவென்று கறுப்பாக ஒரு கோடு வடிந்து, அதன்மேல் மைதானத்துப் புழுதி அப்பியிருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். மூட்டு கசிகிறது.

நான் சொல்வது உள்ளங்கையில் அடங்கும் பொம்மைக் காரை அல்ல. அசல் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள, ரிமோட்டில் ஓடும் வண்டிகள் இவை. எடை பத்து கிலோவைத் தொடும், பலவற்றில் தாண்டும். உள்ளே இருப்பது நிஜமான டூ-ஸ்ட்ரோக் என்ஜின். ஜப்பானின் ஸெனோவா நிறுவனத்தின் ஜி230 என்ஜின் 22.5 சி.சி., ஜி260 25.4 சி.சி. கொள்ளளவு கொண்டவை. இரண்டும் புதர் வெட்டும் இயந்திரங்களின் வம்சத்தில் வந்தவை. 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில் கலந்து ஊற்றுவது வழக்கம். மூட்டில் வடியும் கறுப்பு, எரியாமல் மிஞ்சிய அந்த ஆயில்தான். நான் வசிக்கும் ஸ்டுட்கார்ட்டுக்குக் கிழக்கே வின்டர்பாக் என்று ஓர் ஊர் இருக்கிறது. இந்த அளவு வண்டிகளுக்குப் பேர்போன எஃப்.ஜி. மாடல்ஸ்போர்ட்டின் ஊர் அது. அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் அதிகம்.

போன வாரம் மைதானத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அண்ணை, நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. ஆனா மேல ஏறுதில்லை. ஊசியை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்திட்டன்."

"ஊசியை விடுப்பா. பைப்பைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்க்காததில் வியப்பும் இல்லை. கார்புரேட்டர் ஊசி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. திருகினால் உடனே சத்தம் மாறுகிறது. ஏதோ செய்த நிறைவு கிடைக்கிறது. பைப் என்பது புகை வெளியேறும் ஓட்டைதானே, அதில் கொஞ்சம் கசிந்தால் என்ன குடி முழுகிவிடும் என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. நாலு-ஸ்ட்ரோக் காருக்கு அந்த நினைப்பு ஓரளவு செல்லும். டூ-ஸ்ட்ரோக்கில் செல்லவே செல்லாது. அதில் பைப்பும் என்ஜினின் ஒரு பாகம். நம்மூரில் ஆர்.எக்ஸ். 100 பைக் ஓட்டியவர்களைக் கேளுங்கள், சைலன்சரை மாற்றினால் வண்டியின் குணமே மாறிப்போகும் என்பார்கள்.

டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரில் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை போகும் வாயும் புதுக் கலவை வரும் வாயும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். உள்ளே வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே பைப்புக்குள் ஓடிவிடும். அப்படி ஓடியதைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் பைப்புக்கு அந்த வடிவம். விரியும் கூம்பு முதலில் எதிர் அலையை அனுப்பிச் சிலிண்டரை உறிஞ்சிக் காலி செய்கிறது. பிறகு குறுகும் கூம்பில் முட்டிய அழுத்த அலை திரும்பி வந்து, வெளியேறிய கலவையை, வாய் மூடுவதற்குச் சற்று முன் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது.

இதற்கு இருக்கும் அவகாசத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 15,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 4 மில்லி செகண்ட். புகைவாய் திறந்திருப்பது அதில் ஏறக்குறையப் பாதி, 2 மில்லி செகண்ட். சூடான புகைக்குள் ஒலி சுமாராக நொடிக்கு 500 மீட்டர் ஓடும். ஆக, அந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப வேண்டுமென்றால் ஒரு வழித் தூரம் அரை மீட்டருக்குள் இருந்தாக வேண்டும். இந்த வண்டிகளின் பைப் ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

இதை ஓர் அறிவியலாகவே வளர்த்தவர் இந்த நாட்டுக்காரர், வால்டர் காடன். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் ஸ்ஷோபாவ் நகரில், எம்.இஸட். மோட்டார் சைக்கிள் ஆலையின் பந்தயப் பிரிவில் இருந்தார். பணமும் பொருளும் பற்றாத இடம். அங்கிருந்து 1961இல் 125 சி.சி. என்ஜினில் 25 குதிரைத்திறன் எடுத்துக் காட்டினார், அதாவது லிட்டருக்கு 200. அதே ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பிப் போனார். போன இடம் ஸுஸுகி. மறு ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் ஸுஸுகிக்கு. காடனின் நுட்பம் இப்படித்தான் ஜப்பானுக்குக் கப்பலேறியது. அந்த மனிதரின் உழைப்புக்கு உரிய பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. நம் மேசைமேல் இருக்கும் குட்டி பைப்பிலும் அவர் கணக்குதான் ஓடுகிறது.

சிலிண்டர் ஓரத்து மூட்டில் குண்டூசி நுழையும் இடைவெளி இருந்தால்கூட அழுத்த அலையின் ஒரு பங்கு அங்கேயே சிந்திவிடும். உறிஞ்சும் அலை வரும்போது அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறி, சிலிண்டர் வரைக்கும் போய்க் கலவையை மெலிதாக்கலாம். என்ஜின் மேலே ஏறத் தயங்கும். கலவை கனத்துவிட்டது என்று எண்ணி உடனே கார்புரேட்டர் ஊசியைத் திருகுவார்கள். கசிகிற பைப்புக்கு ஏற்ப ஊசியை இறுக்கிவிட்டு, பின்னொரு நாள் மூட்டை மட்டும் சரிசெய்து முழு வேகத்தில் விட்டால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் மூட்டை அடைத்தபின், உயர்வேகக் கலவைக்கான எச் ஊசியைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவைத்துத் தொடங்குவதுதான் பாதுகாப்பு.

அடைக்கும் வேலைக்கு வருவோம். எடுத்த எடுப்பில் பசைக் குழாயைப் பிதுக்குவது தவறான தொடக்கம். முதலில் உலோகமும் உலோகமும் பொருந்த வேண்டும். சிலிண்டர் ஓர ஃபிளாஞ்சைக் கழற்றி, தட்டையான கண்ணாடிமேல் 400ஆம் நம்பர் எமரித் தாளை விரித்து, அதில் எட்டுப் போடுவதுபோல் தேய்த்துப் பாருங்கள். முகம் முழுக்க ஒரே பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். ஓரம் மட்டும் பளபளத்தால் நடுவில் குழி இருக்கிறது என்று பொருள். இந்த மூட்டில் புது கேஸ்கட்தான் போட வேண்டும். பழையதைத் திருப்பிப் போடும் சிக்கனம் வேண்டாம். புகை அங்கே மிகச் சூடாக வருவதால் சிலிக்கான் பசையை மட்டும் நம்பி அந்த மூட்டை விட மாட்டேன். போல்ட்டுகளுக்குச் சாதாரண த்ரெட்லாக்கும் அந்தச் சூட்டில் இளகிவிடும். பூட்டு வாஷர் போட்டு, ஒரு முறை ஓட்டிச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி இறுக்குவது நல்லது.

பசை தன் வேலையைக் காட்டுவது இரண்டாவது மூட்டில், ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழையும் இடத்தில். நம்மூர் மெக்கானிக்குகள் எந்தப் பசையானாலும் அனபாண்ட் என்றே சொல்வார்கள். இங்கே செம்பு நிறத்திலும் சிவப்பிலும் கிடைக்கும் உயர்வெப்பச் சிலிக்கான் அதே இனம்தான். அது பிடிக்க வேண்டுமானால் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இருக்கக் கூடாது. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலிலேயே துடைக்கிறார்கள். அதில்தான் ஆயில் கலந்திருக்கிறதே! அசிட்டோன் அல்லது பிரேக் கிளீனரால், துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைக்க வேண்டும். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

பசையை நுழையும் குழாயின் வெளிப்புறத்தில் மட்டும், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, ஓர் அரிசிமணிப் பருமனுக்குச் சுற்றி இடுங்கள். நுழைக்கும்போது மிஞ்சியது வெளியே ஒதுங்கும், துடைத்துவிடலாம். வாங்கும் குழாயின் உட்புறத்தில் தடவினால் மிச்சமெல்லாம் பைப்புக்குள் தள்ளப்படும். அது இறுகிப் பிய்ந்து, வால்குழாயை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காத்திருக்க வேண்டும், ஒரு முழு நாள். பலரும் தோற்பது இந்த இடத்தில்தான். என்ஜினை ஓட்டிச் சூடேற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைக்கிறார்கள். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்து, வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். மேல்தோல் காய்ந்து உள்ளே கூழாக இருக்கும்போது ஓட்டினால் புகை அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டு கிடப்பதால் இன்னும் தாமதமாகும். சென்னையின் புழுக்கத்தில் இந்தக் கவலை இருக்காது.

அந்தத் தம்பியின் வண்டியில் மூட்டு பிளந்ததற்குக் காரணம் பசையே இல்லை. பைப்பின் பின்முனையை ரப்பர் இல்லாமல் நேராகச் சட்டத்தில் முறுக்கியிருந்தார். ஒரு முனையில் என்ஜின் அதிர, மறுமுனையில் சட்டம் அசையாமல் பிடித்துக்கொள்ள, நடுவில் மாட்டியது மூட்டு. எந்த விலைப் பசையும் அதைத் தாங்காது. தாங்கிக்கு ரப்பர் வேண்டும். குழாய்களை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் வேண்டும். ஸ்பிரிங்குகளின்மேல் நீளவாக்கில் கொஞ்சம் சிலிக்கானை இழுகிவிட்டால் அவை அதிர்வில் ஒடியாமல் நிற்கும். பந்தய மோட்டார் சைக்கிள்காரர்கள் பல காலமாகச் செய்வது இது.

எல்லாம் முடிந்தபின் சோதனைக்குச் செலவே இல்லை. கழற்றிய, ஆறிய பைப்பின் வால்முனையை ரப்பர் அடைப்பானால் மூடி, முன்முனையில் இன்னொரு அடைப்பான் வழியாக சைக்கிள் பம்பால் மெல்லக் காற்றடித்து, மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரக் கூடாது. கசிவு சத்தத்தையும் கூட்டும். இங்குள்ள மன்றங்களில் இரைச்சலுக்கு வரம்பு உண்டு, மதிய ஓய்வு நேரத்தில் என்ஜினை அணைத்தே ஆக வேண்டும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் மைதானமே பறிபோகும். கசிகிற பைப் போடும் பிளிறல் ஒருவருடைய வண்டியோடு நிற்பதில்லை என்பதால், தம்பியின் பைப்பை வாங்கி வந்து நானே துடைத்து, பசையிட்டு வைத்திருக்கிறேன். ரப்பர் தாங்கியை அவர் வாங்கி வர வேண்டும். சனிக்கிழமை காலையில் பூட்டி, எச் ஊசியை ஒன்றரைச் சுற்றில் வைத்துத் தொடங்குவதாகப் பேச்சு.