கதவடைத்த கால்பந்து லீக்: ஐரோப்பா மறுத்ததை இந்தியா ஏற்றது ஏன்?

வண்டிப்பெரியார் (இடுக்கி): இந்தியக் கால்பந்தின் உச்சத் தொடரான இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நடைபெறுமா, நடைபெறாதா என்ற கேள்வி 2025 ஜூலை முதல் ஏறத்தாழ ஆறு மாதங்கள் விடையின்றி நீடித்தது. 2026 ஜனவரி 6-ஆம் தேதி, மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா 14 அணிகளுடன் பிப்ரவரி 14 முதல் போட்டிகள் தொடங்கும் என அறிவித்தபோது அந்த நெருக்கடி தற்காலிகமாகத் தணிந்தது. ஆனால், நெருக்கடியின் வேர் அப்படியே இருக்கிறது. உச்சத் தொடரில் ஆடும் உரிமை களத்தில் வென்று பெறுவதா, விலை கொடுத்து வாங்குவதா என்பதே அந்த வேர்.

இதே கேள்வியை ஐரோப்பா 2021-ஆம் ஆண்டு எதிர்கொண்டு, இரண்டே நாள்களில் விடையும் கண்டது. இந்தியா அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே எதிர்த்திசையில் விடை கண்டிருந்தது. இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்தியக் கால்பந்து இன்றைய நிலைக்கு வந்த வழி தெளிவாகிறது.

ஐரோப்பாவில் நடந்தது என்ன?

2021 ஏப்ரல் 18-ஆம் தேதி இரவு, ஐரோப்பாவின் 12 பெரும் கிளப்புகள் தனி லீக் ஒன்றை அறிவித்தன. இங்கிலாந்தின் ஆர்சனல், செல்சி, லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட், டாட்டன்ஹாம். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அட்லெட்டிகோ மாட்ரிட். இத்தாலியின் யுவென்டஸ், ஏசி மிலன், இன்டர் மிலன் ஆகியவையே அவை. ரியல் மாட்ரிட் தலைவர் ஃப்ளோரன்டினோ பெரெஸ் இதன் தலைவராக அறிவிக்கப்பட்டார். ஜேபி மோர்கன் வங்கி நிதியளிக்க முன்வந்தது.

திட்டத்தின்படி 20 அணிகளில் 15 நிறுவன அணிகளுக்கு நிரந்தர இடம் உண்டு. அவை எத்தனை மோசமாக ஆடினாலும் வெளியேற்றப்பட மாட்டா. எஞ்சிய ஐந்து இடங்களுக்கு மட்டுமே ஐரோப்பாவின் மற்ற கிளப்புகள் போட்டியிட முடியும். கொரோனா காலத்து வருவாய் இழப்பும், குவிந்திருந்த கடனும், ஆண்டுதோறும் உறுதியான வருமானம் வேண்டும் என்ற உரிமையாளர்களின் விருப்பமுமே இத்திட்டத்தின் பின்னணி.

ரசிகர்கள் இதை ஏற்கவில்லை. செல்சி அணியின் மைதானத்துக்கு வெளியே அந்த அணியின் ரசிகர்களே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். பிரிட்டன் அரசு சட்டம் கொண்டுவரப்போவதாக எச்சரித்தது. 48 மணி நேரத்துக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்புகளும் விலகின. பின்னர் அந்த ஆறும் சேர்ந்து 2.2 கோடி பவுண்டு செலுத்த ஒப்புக்கொண்டு பிரீமியர் லீக் நிர்வாகத்துடன் சமரசம் செய்துகொண்டன.

விவகாரம் அத்துடன் முடியவில்லை. 2023 டிசம்பர் 21-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை அளித்தது. புதிய தொடர்களுக்கு முன் அனுமதி தேவை என்று ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமும் விதித்திருந்த விதிகளில் வெளிப்படையான அளவுகோல்கள் இல்லை. எனவே, அவை ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றது நீதிமன்றம். அதே வேளையில், சூப்பர் லீக்குக்கு அனுமதி அளித்தே தீர வேண்டும் என்று தான் கூறவில்லை என்பதையும் தெளிவுபடுத்தியது. பிரிட்டனில் இந்த எதிர்ப்பலையின் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பு உருவானது.

இந்தியா முன்பே கண்ட பிரிவு

அமைப்பை மீறிய தனி லீக் இந்தியாவுக்குப் புதிதன்று. 2007-ஆம் ஆண்டு சுபாஷ் சந்திராவின் எஸ்ஸெல் குழுமம் இந்தியன் கிரிக்கெட் லீக்கைத் தொடங்கியது. அதன் முதல் தொடரில் கோப்பையை வென்றது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி. அந்த லீக்கில் சேர்ந்த வீரர்களுக்குக் கிரிக்கெட் வாரியம் தடை விதித்தது. 2008-இல் வாரியமே ஐபிஎல் தொடரைத் தொடங்கியது. 2009-இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டதும் அம்பதி ராயுடு உள்ளிட்ட வீரர்கள் திரும்பினர். எதிர் லீக் மறைந்தது.

ஐபிஎல் ஒளிபரப்பு உரிமையைப் பெறும் நிறுவனத்துக்கு, போட்டித் தொடர் எதற்கும் அனுமதி அளிப்பதில்லை என வாரியம் உறுதியளித்திருந்தது. இதைச் சுட்டிக்காட்டி இந்தியப் போட்டி ஆணையம் 2013-இல் வாரியத்துக்கு 52.24 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தான பின், 2017-இல் மீண்டும் விசாரித்து அதே தொகையை விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் பின்னாளில் எழுப்பிய வினாவும் ஏறத்தாழ இதுதான்: விதி வகுக்கும் அமைப்பே வியாபாரமும் செய்தால், போட்டியாளருக்கு நீதி எங்கே கிடைக்கும்?

கையெழுத்திட்டது கூட்டமைப்பே

கால்பந்தில் நிகழ்ந்தது வேறு. இங்கே பிரிவை எதிர்க்க வேண்டிய அமைப்பே அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்தது. கூட்டமைப்பின் வணிக உரிமைகள் அனைத்தும் இதன்மூலம் ஒரே கூட்டாளியிடம் சென்றன. அதன் விளைவாக 2014 அக்டோபர் 12-ஆம் தேதி கொல்கத்தாவில் ஐஎஸ்எல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. சென்னையின் எஃப்சி, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆகியவை அவற்றுள் அடக்கம். எட்டும் புதிதாக விலைக்கு வாங்கப்பட்ட இடங்கள். கீழிறக்கமும் இல்லை, மேலேற்றமும் இல்லை.

அப்போது நாட்டின் முதல்நிலைத் தொடராக இருந்தது 2007-இல் தொடங்கிய ஐ-லீக். 1889-இல் பிறந்த மோகன் பகான், 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் போன்ற கிளப்புகள் அதில் ஆடின. 2017-இல் ஐஎஸ்எல் ஆசியக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதுவே முதல்நிலைத் தொடராக உயர்த்தப்பட்டது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது.

ஐரோப்பாவில் 48 மணி நேரம்கூடத் தாங்காத திட்டம் இங்கே எப்படி நிலைத்தது? பழைய அமைப்பு முன்பே தளர்ந்திருந்தது என்பது முதற்காரணம். மஹிந்திரா யுனைடெட் 2010-இலும், பஞ்சாபின் ஜேசிடி 2011-இலும் அணிகளைக் கலைத்தன. கேரளத்தின் முதல் தொழில்முறை கிளப்பான எஃப்சி கொச்சின் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே மறைந்திருந்தது. காக்க வேண்டிய கோட்டை வலுவாக இல்லாதபோது, அதைக் காக்கத் திரளும் கூட்டமும் சிறிதாகவே இருக்கும். கொல்கத்தா, கோவா, கேரளம், வடகிழக்கு மாநிலங்கள் தவிர்த்த இந்தியாவில் கிளப் மரபு ஆழ வேரூன்றியிருக்கவில்லை என்பது இரண்டாவது காரணம்.

ஐஎஸ்எல் தந்த நன்மைகளையும் மறுக்க இயலாது. மைதானங்கள் மேம்பட்டன. தொலைக்காட்சி ஒளிபரப்பின் தரம் உயர்ந்தது. வீரர்களின் ஊதியம் பெருகியது. கொச்சியில் மஞ்சள் சட்டை அணிந்த ரசிகர் கூட்டமும், சென்னையின் அணி 2015-இலும் 2017-18 பருவத்திலும் வென்ற கோப்பைகளும் அக்காலத்தின் விளைச்சல்களே.

கதவின் வெளியே நின்றவர்கள்

ஆனால், அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. ஐந்து முறை தேசிய லீக் பட்டம் வென்ற கோவாவின் டெம்போ, அதே மாநிலத்தின் சல்கோகர், ஸ்போர்ட்டிங் கோவா ஆகியவை ஐஎஸ்எல்லை முதன்மைப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து 2016-இல் ஐ-லீக்கிலிருந்து விலகின.

தமிழ்நாட்டின் இழப்பு இன்னும் நெருக்கமானது. 2018-19 பருவத்தில் கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் பட்டத்தை வென்றது. வேறு நாடாக இருந்தால் அந்த வெற்றி மேல்நிலைக்கு ஏணியாகியிருக்கும். இங்கே அந்த ஏணி போடப்படவில்லை. 2020-21 பருவத்துக்குப் பின் அந்த அணி ஐ-லீக்கிலும் இல்லை.

கேரளத்தின் கதையும் அதுவே. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா 2020-21, 2021-22 ஆகிய இரண்டு பருவங்களிலும் தொடர்ச்சியாக ஐ-லீக் பட்டம் வென்றது. ஐ-லீக் வாகையருக்கு மேலே செல்லும் வழி 2022-23 பருவத்திலிருந்துதான் திறந்தது. பஞ்சாப் எஃப்சி, முகமதன் ஸ்போர்ட்டிங், இன்டர் காசி ஆகியவை அவ்வழியே நுழைந்தன. ஓராண்டு முன்னதாகத் திறந்திருந்தால் கோகுலம் உள்ளே இருந்திருக்கும். கீழிறக்கமோ 2024-25 பருவம் முடியும்வரை நடைமுறைக்கு வரவே இல்லை. பழைய அணிகளின் இடத்துக்கு ஆபத்தில்லை என்ற நிலையே தொடர்ந்தது.

ஒற்றைத் தூண் சாய்ந்தபோது

ஒரே கூட்டாளியை நம்பிய அமைப்பு, அந்தக் கூட்டாளியின் ஒப்பந்தம் முடியும் நாளில் என்னவாகும்? 2025 டிசம்பர் 8 அந்த நாள். அதற்கு ஐந்து மாதங்கள் முன்பாக, புதிய ஒப்பந்தம் இல்லாத நிலையில் அடுத்த பருவத்தை நிறுத்திவைப்பதாகத் தொடரை நடத்திவந்த நிறுவனம் அறிவித்தது. ஆகஸ்ட் மாதத்தில் பெங்களூரு எஃப்சி முதல்நிலை அணியின் ஊதியத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி செயல்பாடுகளை இடைநிறுத்தியது.

விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. செப்டம்பர் 19-ஆம் தேதி கூட்டமைப்பின் புதிய அமைப்புவிதிகளுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. உச்சத் தொடர் கூட்டமைப்பின் உரிமையில் இருக்க வேண்டும், அதில் மேலேற்றமும் கீழிறக்கமும் இருக்க வேண்டும் என்பவை அவ்விதிகளின் சாரம். அதன்பின் வணிக உரிமைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. நவம்பர் 7-ஆம் தேதி கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

டிசம்பர் இறுதியில், மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளரான சிட்டி கால்பந்துக் குழுமம் மும்பை சிட்டி எஃப்சியிலிருந்து விலகியது. ஐரோப்பாவில் நிரந்தர இடம் வேண்டும் என்று 2021-இல் கேட்ட 12 அணிகளுள் ஒன்று இக்குழுமத்தினுடையது. ஜனவரி 2-ஆம் தேதி சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கன் உள்ளிட்ட வீரர்கள் தலையிடுமாறு ஃபிஃபாவிடம் காணொலி வாயிலாக வேண்டுகோள் விடுத்தனர். அதற்கு நான்கு நாள்கள் கழித்தே மத்திய அமைச்சரின் அறிவிப்பு வந்தது.

கீழிறக்கம் இல்லாத லீக் முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு தரும் என்பதே மூடிய லீக்கின் ஆதரவாளர்கள் முன்வைக்கும் முதன்மை வாதம். அமெரிக்கத் தொழில்முறை லீக்குகள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால், அங்கே பரந்த உள்நாட்டுச் சந்தையும் கல்லூரி விளையாட்டு என்னும் உறுதியான அடித்தளமும் உள்ளன. இந்தியாவில் பத்தாண்டுகளுக்கு மேல் பாதுகாப்பு அளித்த பின்னும் பெரும்பாலான கிளப்புகள் நட்டத்திலேயே இயங்குகின்றன. கீழிறக்கத்தின் அச்சம் மட்டுமே முதலீட்டைத் தடுத்தது என்று கூறுவதற்கு இடமில்லை.

மலைத்தோட்டங்களில் என்ன பொருள்?

வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிர்வாகச் சண்டை தொலைவானதாகத் தோன்றலாம். உண்மையில் இது அவர்களுடைய பிள்ளைகளைப் பற்றியது.

இடுக்கி மலைகளில் கால்பந்து பழைய பழக்கம். மூணாறு தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய ஃபின்லே ஷீல்டு போட்டியில் எஸ்டேட் அணிகள் மோதிவருகின்றன. வென்ற எஸ்டேட்டே முன்னேறும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த விதி. மலபாரின் செவன்ஸ் மைதானங்களிலும் அதுவே விதி.

2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவோ ஆறு விலைக்கு வாங்கப்பட்ட அணிகளுடன் அமைந்தது. திருவனந்தபுரம், கொச்சி, திருச்சூர், மலப்புரம், கோழிக்கோடு, கண்ணூர் ஆகியவற்றுக்கு அணி உண்டு. இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் இல்லை. உள்ளூர் வீரர்களுக்கு அது வாய்ப்பளிப்பது உண்மையே. எனினும், ஓர் எஸ்டேட் அணியோ மாவட்ட கிளப்போ எத்தனை முறை வென்றாலும் அத்தொடருக்குள் நுழைய வழியில்லை. திறமையுள்ள சிறுவன் ஊரை விட்டு நீங்கித் தனியாக மேலேறலாம். ஊர் மேலேற முடியாது. இந்த வேறுபாடே மூடிய லீக்கின் முழுச் சாரம்.

இனி செய்ய வேண்டியவை

2026 பருவத்தை நடத்தி முடிப்பது முதற்படி மட்டுமே. அடுத்து மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும்.

முதலாவது, கீழிறக்கம் எந்தப் பருவத்திலிருந்து என்பது மாற்ற முடியாத கால அட்டவணையாக அறிவிக்கப்பட வேண்டும். கீழே விழும் கிளப்பின் வருவாய் ஒரே நாளில் வற்றிவிடாதபடி, இங்கிலாந்தில் உள்ளதுபோல் சில ஆண்டுகளுக்கு ஈட்டுத்தொகை வழங்கினால் முதலீட்டாளரின் அச்சம் குறையும்.

இரண்டாவது, வணிக உரிமைகள் அனைத்தையும் நீண்ட காலத்துக்கு ஒரே கையில் ஒப்படைக்கும் பழக்கம் முடிவுக்கு வர வேண்டும். ஒளிபரப்பு, விளம்பரம், போட்டி நிர்வாகம் ஆகியவற்றைப் பிரித்துக் குறுகிய காலத்துக்கு அளித்தால், ஒருவர் விலகும்போது மொத்த ஆட்டமும் நிற்காது.

மூன்றாவது, விதி வகுப்பவரும் வருவாய் ஈட்டுபவரும் ஒருவராகவே இருக்கும்போது கிளப்புகளின் உரிமங்கள், மேலேற்றத் தகுதிகள் ஆகியவற்றை முடிவு செய்யச் சார்பற்ற அமைப்பு தேவை. 2024-25 ஐ-லீக் பட்டம் யாருக்கு என்பதைச் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தீர்மானிக்க நேர்ந்தது. அந்தத் தேவைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2023-இல் ஃபிஃபா தரவரிசையில் 99-ஆம் இடத்தில் இருந்த இந்திய ஆடவர் அணி, 2025 நவம்பரில் 142-ஆம் இடத்துக்குச் சரிந்தது. இந்தச் சரிவுக்கு லீக் அமைப்பு மட்டுமே காரணமன்று. ஆனால், மேலே செல்லும் வழி சில நகரங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் நாட்டில், மற்ற ஊர்களின் திறமை தேசிய அணிக்கு வந்து சேராது. ஐரோப்பிய ரசிகர்கள் 2021-இல் தெருவுக்கு வந்து காத்த உரிமை, இந்தியாவில் இப்போது உச்ச நீதிமன்றம் ஏற்ற அமைப்புவிதிகளில் எழுத்தாக இருக்கிறது. அதை ஆட்டக்களத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு கூட்டமைப்பையும் கிளப்புகளையும் சார்ந்தது.