எலியிடம் என்ன கேட்கிறோம்?

சினைப்பைப் புற்றுநோய் எப்படிப் பரவும் என்று பாடப்புத்தகத்தைக் கேட்டால் வழக்கமான பதில் ஒன்று உண்டு. கட்டியிலிருந்து செல்கள் உதிரும், வயிற்றுக்குள் இருக்கும் நீரில் மிதக்கும், குடலின் முன்னால் திரை போலத் தொங்கும் ஓமெண்டம் என்ற கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான பெண்களுக்கு நோய் தெரியவருவதே இப்படிப் பரவிய பிறகுதான்.

இதை எலியில் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? புற்றுநோய் செல்களை ஊசியில் எடுத்து நேராக வயிற்றுக்குள் விடுவது ரொம்பப் பிரபலமான முறை. சில வாரம் கழித்துத் திறந்தால் ஓமெண்டத்தில் கட்டி. இருக்காதா பின்னே? உதிர்வது, கிளம்புவது என்ற முதல் பாதிப் பயணத்தை நாமே ஊசியால் முடித்துவிட்டோமே! ஒட்டிக்கொள்ளும் கட்டத்தைப் படிக்க இது போதும். மருந்தையும் சோதிக்கலாம். எந்த வழியாக வந்தது என்று மட்டும் கேட்க முடியாது.

அதைக் கேட்ட ஆய்வு 2014-ல் 'கேன்சர் செல்' இதழில் வந்தது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் அனில் சூட் குழுவினர் செய்தது. இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார்கள். (படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது.) கொஞ்ச நாளில் இரண்டுக்கும் இரத்த ஓட்டம் பொதுவாகிவிடும். புற்றுநோய் செல்களைச் செலுத்தியது ஒன்றுக்கு மட்டும். ஆனால் மற்றதன் ஓமெண்டத்திலும் கட்டி வந்தது! இரத்தம் வழியாகவும் அது அங்கே போகும் என்று தெரிந்தது. செல்களின் மேலிருக்கும் எர்ப்-பி3 என்ற ஏற்பிக்கு இதில் பங்கு உண்டு என்றும் கண்டார்கள். நீர்வழி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை.

கொடூரமாகத் தெரிந்தாலும் இந்தச் சோதனையை நான் ஆதரிப்பேன். எனக்கு உறுத்துவது, பழக்கத்துக்காகப் போடப்படும் ஊசிகள். அதிகம் பயன்பட்ட ஏ2780, எஸ்கேஓவி3 செல்கள், பெண்களை அதிகம் கொல்லும் வகைக் கட்டியோடு மரபணு அளவில் சரியாக ஒத்துப்போவதில்லை என்று 2013-லேயே 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்துவிட்டது. போதாததற்கு, எலியின் சினைப்பையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை உண்டு, பெண்களுக்குக் கிடையாது. 'உதிர்வது' என்ற கதையே அங்கு வேறாகிவிடும் அல்லவா?

யாரும் ஊசி போடாமலே இந்த நோய் வரும் பிராணி ஒன்று இருக்கிறது: முட்டைக்கோழி! வயிற்றில் நீர்கூடக் கோக்கும். என்ன, வயதான கோழிகளுக்குத்தான் அதிகம் வரும், அதுவரை வருஷக்கணக்கில் தீனி போட வேண்டும். மூன்று வருஷத்தில் பி.எச்டி. முடிக்க நினைப்பவருக்கு எலிதான் வசதி.