யாருக்கோ கிடைச்ச புதையலும் நம்ம கோயில் ஸ்டோர் ரூமும்

கொஞ்சம் நீளமான பதிவு, டீயைப் பக்கத்துல வச்சிக்கிட்டு படிங்க.

ரெண்டு வாரமா நம்ம வாட்ஸ்அப் குழுவுல ஒரு கதை சுத்துது. லோரோங் கூலிட்ல ஒருத்தர் 20 ரிங்கிட் குடுத்து ஒரு பழைய பித்தளைக் குத்துவிளக்கு வாங்கினாராம். வீட்டுல புளி போட்டு விளக்கினா அடியில ஏதோ எழுத்து தெரிஞ்சுதாம். கோலாலம்பூர்ல பழம்பொருள் சேர்க்கிற ஒரு பெரிய மனுசர் 40,000 ரிங்கிட் குடுத்து வாங்கிட்டுப் போயிட்டாராம். யாருங்க அந்த ஒருத்தர்னு கேட்டேன். அனுப்பினவருக்கு அவர் மச்சான் அனுப்பினது. மச்சானுக்கு பட்டர்வொர்த்துல யாரோ. அதுக்கு மேல போனா நூல் அறுந்து போச்சு. போன வருசம் இதே கதையில விளக்குக்குப் பதிலா சீனச் சாடி, ஆளு ஆயர் ஈத்தாம்காரர். அவ்வளவுதான் வித்தியாசம்.

கதைதானே, படிச்சிட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன். ஆனா அந்த மெசேஜ் வந்த பிறகு மூணு பேர் என்கிட்ட வந்து, "அண்ணே, கோயில் ஸ்டோர்ல கறுத்துப்போன பழைய விளக்கெல்லாம் கிடக்குதே, நான் புதுசா பளபளன்னு வாங்கித் தர்றேன், பழசை எனக்குக் குடுத்திருங்க"ன்னு கேட்டுட்டாங்க. மூணு பேரும் நல்லவங்கதான், நான் குத்தம் சொல்லலை. இன்னொரு பக்கம், திருப்பணி வேலை ஆரம்பிக்கப் போறோம், ஸ்டோர் ரூமைக் காலி பண்ணணும், பித்தளை சாமானை எல்லாம் கிலோ கணக்குல போட்டா சிமெண்டுக்காவது ஆகும்னு ஒரு பேச்சும் ஓடுது.

என் கருத்தை இங்கேயே சொல்லிடுறேன். எழுதி வைக்காம ஒரு கரண்டி கூட வெளியே போகக் கூடாது. பழசுக்குப் புதுசு மாத்துற வியாபாரம் கோயிலுக்கு வேண்டவே வேண்டாம்.

புதையல் கதை எல்லாமே பொய்யான்னு கேப்பீங்க. இல்லை. அமெரிக்காவுல வீட்டு வாசல்ல பழைய சாமானைப் பரப்பி வச்சு விக்கிற பழக்கம் உண்டு. நியூயார்க் பக்கம் ஒரு குடும்பம் அப்படி ஒரு இடத்துல 2007-இல் 3 டாலர் குடுத்து ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கினாங்க. வீட்டுல ஷெல்ஃப்ல சும்மா கிடந்தது. அது சீனாவுல சோங் ராஜவம்ச காலத்துல செஞ்ச, ஆயிரம் வருசத்துக் கிண்ணம். 2013-இல் சோத்பீஸ் ஏலத்துல 22 லட்சம் டாலருக்கு மேல போச்சு. நடந்த விசயம், ஆதாரம் இருக்கு.

ஆனா இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் வாங்கினவரைப் பத்தியே பேசுறாங்க. 3 டாலருக்கு வித்தவரை யாராவது நினைச்சுப் பார்த்தீங்களா? அவரும் அந்தச் செய்தியைப் பேப்பர்ல படிச்சிருப்பார்ல? நாம கதை கேக்கும்போது நம்மளை வாங்குறவரோட இடத்துலதான் வச்சுப் பார்க்கிறோம். பினாங்குத் தமிழர்களைப் பொறுத்தவரை, நாம பெரும்பாலும் நிக்கிறது விக்கிறவர் இடத்துல.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகள் ஞாபகம் இருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1997-இல் ரத்து பண்ணி, 1999 கடைசியோட அந்தப் பாதுகாப்பு முடிஞ்சது. மூணு தலைமுறையா குறைஞ்ச வாடகையில இருந்த குடும்பங்க காலி பண்ணிக்கிட்டு ஃப்ளாட்டுக்குப் போனாங்க. ஃப்ளாட்டுல ரெண்டு ரூம். தாத்தாவோட தேக்குப் பெட்டி, பாட்டியோட வெண்கலப் பானை, சாமி படம் மாட்டின கண்ணாடிச் சட்டம், இதெல்லாம் எங்க வைக்கிறது? லோரி வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போச்சு. 2008-இல் யுனெஸ்கோ பட்டியல்ல ஜார்ஜ் டவுன் வந்த பிறகு பழைய சாமானுக்கு மவுசு கூடிடுச்சு. அதே மாதிரி பெட்டியைத்தான் இப்ப ஹோட்டல் வரவேற்பறையில வச்சு டூரிஸ்ட் படம் புடிக்கிறாங்க.

இங்கிலீஷ்ல ஒருத்தர் இறந்த பிறகு அவர் வீட்டுச் சாமானை விக்கிறதை எஸ்டேட் சேல்னு சொல்றாங்களாம். எஸ்டேட்னு கேட்டாலே நமக்கு ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வரும். நம்ம வரலாற்றுல எஸ்டேட் சேல்னா முழுத் தோட்டத்தையே வித்துட்டு, ஜனங்களையும் கோயிலையும் அம்போன்னு விட்டுட்டுப் போறது. சரி, அது வேற கதை.

செட்டிநாட்டுலயும் இதுதான் நடந்தது. காரைக்குடியில முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைங்க வரிசையா இருக்கு. வீடு பிரிச்ச தூண், எனாமல் தூக்குச்சட்டி, சாமி படம், ஆத்தா காலத்து ஜாடி எல்லாம் அங்க கிடைக்கும். வாங்குறவங்களுக்கு அது அதிசயம். எந்த வீடு, யார் ஆத்தான்னு கேட்டா கடைக்காரருக்கே பாதி நேரம் தெரியாது. பேர் போயிட்டா பொருள் அனாதைதான்.

அப்புறம் இந்தக் கதைகளை நம்பிக் காசை விட்டவங்க நிறைய. நம்ம ஆளுங்க வீட்டுல ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு கத்தையா இருக்கும், என்னைக்காவது லட்சம் ஆகும்னு. கணக்கு வழக்கில்லாம அச்சடிச்ச நோட்டு அது, சாதாரண நோட்டு இன்னைக்கும் சில ரிங்கிட்தான். ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818-ன்னு வருசம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பேர் போட்ட செப்புக் காசு ஒண்ணு இருக்கு. பூஜையில வச்சா செல்வம் கொட்டும்னு சொல்லி விக்கிறாங்க. கம்பெனி அப்படி ஒரு காசு அடிச்சதே கிடையாது. சவூதியில 2009-இல் பழைய சிங்கர் தையல் மெஷின்ல சிவப்புப் பாதரசம் இருக்குன்னு வதந்தி கிளம்பி, ஒரு ஓட்டை மெஷினுக்கு ஆயிரக்கணக்குல ரியால் குடுக்க ஆளுங்க அலைஞ்சாங்க. உள்ளே எண்ணெய்தான் இருந்துச்சு.

எல்லாத்தையும் விட மோசம் இரிடியம் கலசம். கோபுரக் கலசத்துல இடி விழுந்தா அது இரிடியமா மாறிடும், அரிசியை இழுக்கும், வெளிநாட்டுக்காரன் கோடிக்கணக்குல வாங்குவான்னு ஒரு கதை. 2014-இல் வந்த சதுரங்க வேட்டை படத்துல இந்த ஏமாத்து வேலையை அப்படியே காட்டியிருப்பாங்க. இரிடியம் ஒரு தனி உலோகம், இடி விழுந்து செம்பு அதுவா மாறாது. கலசத்துக்குள்ள நாம போடுறது வரகு முதலான தானியம். ஆனா இந்தக் கதையாலேயே தமிழ்நாட்டுல எத்தனையோ கோயில்ல கலசத்தைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. கதையை ஃபார்வர்ட் பண்ணினவர் திருடலை. ஆனா திருடுறவனுக்கு ஆசை காட்டினது அந்தக் கதைதான். இதை நினைச்சுத்தான் எனக்கு நம்ம குழுவுல சுத்துற விளக்குக் கதை புடிக்கலை.

இன்னொரு கதை கேளுங்க. அமெரிக்காவுல ஒரு அம்மா, 2009-இல் பழைய சந்தையில 7 டாலருக்கு ஒரு பெட்டி சாமான் வாங்கினேன், அதுக்குள்ள ரெனுவார்ங்கிற பெரிய ஓவியரோட படம் இருந்துச்சுன்னு சொன்னாங்க. உலகமே ஆச்சரியப்பட்டுச்சு. ஏலத்துக்கு நாள் குறிச்ச பிறகு பார்த்தா, அது 1951-இல் பால்டிமோர் மியூசியத்துல திருட்டுப் போன படம். அந்தக் காலத்துப் போலீஸ் புகாரும், மியூசியத்தோட பழைய பதிவும் கிடைச்சது. 2014-இல் கோர்ட் படத்தை மியூசியத்துக்கே குடுத்திருச்சு. அறுபது வருசம் கழிச்சுப் பொருள் வீடு திரும்பினது எதனால? எவரோ ஒரு கிளார்க் அன்னைக்குச் சோம்பல் படாம எழுதி வச்சதால.

நம்ம சாமி கதையும் இதேதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடு போய், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கினது பலருக்குத் தெரியும். எப்படி விக்க முடிஞ்சது? அதோட ஒரு கதையும் சேர்த்து வித்தாங்க. வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருத்தர் பல வருசத்துக்கு முன்ன டெல்லியில இருந்தப்ப வாங்கினது, குடும்பத்துல இருந்ததுன்னு பொய்ப் பேப்பர். கேக்க நல்லா இருந்துச்சு, நம்பிட்டாங்க. அந்தப் பொய்யை உடைச்சது, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில் கோயிலா போய் எடுத்து வச்சிருந்த சாதாரண கறுப்பு வெள்ளைப் படம். 2014 செப்டம்பர்ல நடராஜர் இந்தியா திரும்பினார். வித்த சுபாஷ் கபூருக்கு 2022-இல் கும்பகோணம் கோர்ட் பத்து வருசம் குடுத்துச்சு.

பத்தூர் நடராஜருக்கு இன்னும் கஷ்டம். இடிஞ்ச கோயில் பக்கத்துல 1976-இல் மண்ணு தோண்டின கூலித் தொழிலாளிக்கு அவர் கிடைச்சார். இதைத்தான் புதையல்ங்கிறோம். ஆனா தோண்டினவருக்குக் கிடைச்சது சொற்பக் காசு, கை மாறி மாறி லண்டன் போனப்ப விலை ரெண்டரை லட்சம் பவுண்டு. அங்க கேஸ் நடந்து, கோயிலுக்காக சிவலிங்கமே வாதியா நின்னு, 1991-இல் சாமி ஊர் திரும்பினார். சிவபெருமானே கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்துச்சு பாருங்க.

இப்ப நம்ம ஸ்டோருக்கு வாங்க. அங்க கிடக்கிற விளக்குல, தாம்பாளத்துல, மணியில அடியில பாருங்க, "உபயம்"னு போட்டுப் பேர் வெட்டியிருக்கும். சிலதுல தோட்டத்துப் பேர், சிலதுல வருசம். ரப்பர் வெட்டி, நாள் கூலியில மிச்சம் புடிச்சு ஒரு குடும்பம் குடுத்தது. இன்னைக்கு அந்தக் குடும்பத்துல யாரும் இந்தப் பக்கம் இல்லாம இருக்கலாம். அவங்க இந்த ஊர்ல இருந்தாங்கன்னு சொல்றதுக்கு அந்த விளக்கைத் தவிர வேற சாட்சி இருக்கா?

ஒரு பேர் என்ன பண்ணும்னு கேளுங்க. நியூசிலாந்துல 1836 வாக்குல வில்லியம் கொலன்சோங்கிற பாதிரியார் ஒரு கிராமத்துக்குப் போனப்ப, அங்க மாவோரிப் பெண்கள் உடைஞ்ச வெண்கல மணி ஒண்ணைக் கவுத்துப் போட்டு உருளைக்கிழங்கு வேகவச்சிக்கிட்டு இருந்தாங்க. சுத்தி ஏதோ எழுத்து. அது தமிழ்! முகைதீன் பக்சுங்கிறவரோட கப்பல் மணின்னு வெட்டியிருந்தது. நாகூர், நாகப்பட்டினத்துல இருந்து நம்ம சூலியா தெருவுக்கு வந்து வியாபாரம் பண்ணின மாதிரி ஒரு தமிழ் முஸ்லிம் கப்பல்காரராத்தான் இருக்கணும். அந்த எழுத்து இல்லாட்டி அது வெறும் சட்டி. எழுத்து இருந்ததால இன்னைக்கு வெலிங்டன்ல தெ பாப்பா மியூசியத்துல இருக்கு.

நான் 28 வருசமா ஃபேக்டரியில வேலை பார்க்கிறேன். எங்க இடத்துல உடைஞ்ச ஜிக் ஒண்ணு வெளியே போகணும்னாலும் பாரம் இருக்கு. பொருள் பேர், எண்ணிக்கை, எடை, ஏன் கழிக்கிறோம், யார் கையெழுத்து, லோரி நம்பர். கேட்ல கார்டு அந்தப் பாரத்தைப் பார்த்துட்டுத்தான் கம்பியைத் தூக்குவார். குப்பைக்கே இவ்வளவு மரியாதை. சாமி சாமானுக்கு, "அது பழசு லா, தூக்கிப் போடு".

சாமி பித்தளையில இல்லை, மனசுலதான்னு ஒரு அண்ணன் சொன்னார். சரிதான். அப்படின்னா உபயக்காரர் பேர் வெட்டின விளக்கை எடுத்துட்டுப் புது விளக்கு மட்டும் ஏன் வேணும்? இடம் பத்தலைங்கிறதும் நிஜம், நான்தானே அங்க குனிஞ்சு வளைஞ்சு அண்டா எடுக்கிறேன். ஓட்டையான வாளி, நசுங்கின அலுமினியச் சட்டி போகட்டும், பாரம் போட்டு, கமிட்டி கையெழுத்தோட. பின்னமான விக்ரகம் இருந்தா அதை என்ன பண்றதுன்னு குருக்கள் சொல்லட்டும், அது நம்ம வேலை இல்லை. பேர் வெட்டினது, தேதி வெட்டினது, சாமி அலங்காரத்துல இருந்தது, பழைய வரவு செலவுப் புத்தகம், திருவிழா படம், இது எதுவும் போகக் கூடாது.

லோரோங் கூலிட் போறவங்களுக்கும் ஒண்ணு. நானும் ஞாயித்துக்கிழமை போவேன், டி.எம்.எஸ். ரெக்கார்டும் ஸ்பேனரும் வாங்குவேன், போங்க. ஆனா விளக்கோ மணியோ விக்ரகமோ கையில எடுத்தா, விலை கேக்கிறதுக்கு முன்ன திருப்பி அடியைப் பாருங்க. கோயில் பேரோ உபயம்னோ இருந்தா, இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கடைக்காரரைக் கேளுங்க. ஒரு படம் எடுத்து அந்தக் கோயிலுக்கு அனுப்புங்க. அவங்களே கழிச்சதா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

கமிட்டித் தலைவர்கிட்ட பேசிட்டேன், சரின்னுட்டார். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணிக்கு ஸ்டோரைத் திறக்கிறோம். ஒவ்வொரு சாமானுக்கும் நம்பர், எடை, நாலு பக்கமும் படம், அடியில இருக்கிற எழுத்தைப் பார்த்து அப்படியே நோட்டுல எழுதணும். தராசு நான் கொண்டாறேன். கேமரா நல்லா இருக்கிற கைபேசி உள்ள பிள்ளைங்க நாலு பேர், பழைய தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க ரெண்டு பேர் வேணும். புளி, பழைய துணி கொண்டு வாங்க. ஆனா எழுத்து இருக்கிற இடத்துல அழுத்தித் தேய்க்காதீங்க, ஈரத்துணி போதும். பசியாற இட்லி ஏற்பாடு ஆச்சு.

வர்றவங்க கீழே பேர் போடுங்க.