உத்தரவாதச் சீட்டின் பின்பக்கம்

 

சென்ற மாதம் காரிமங்கலத்தில் லுஹர் தொழுகை முடித்து வெளியே வந்தபோது, அறிமுகமான சகோதரர் ஒருவர் ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார். “ஹஜ்ரத், தனியாகப் பணம் கட்டி ஐந்து வருஷத்துக்கு வாரண்டி வாங்கினேன். இப்போது கியர்பாக்ஸ் பழுதாகிவிட்டது, வாரண்டி செல்லாது என்கிறார்கள்” என்றார். தம் தாயாரை வாரந்தோறும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் கார் அது.

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். குறித்த காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அவரோ ஒருமுறை பழகிய மெக்கானிக்கிடம் செய்துகொண்டார், ரசீதும் இல்லை. “இதைப் படித்தீர்களா?” என்றேன். மௌனமே பதிலாயிற்று.

நீட்டிப்பு வாரண்டி என்பது ஒரே பொருளல்ல. முதல் வகை, விலக்கப்பட்டவை எனப் பட்டியலிட்டவை நீங்கலாக மற்ற அனைத்தையும் காப்பது. இரண்டாம் வகை, பெயர் குறித்த பாகங்களை மட்டும் காப்பது; பட்டியலில் இல்லாதது நம் செலவு. மூன்றாம் வகை, எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் பாகங்கள் ஆகியவற்றோடு நின்றுவிடும். ஏசி பழுதானால் உதவாது. பிரேக் பேட், கிளட்ச், டயர் போன்று தேய்பவை பெரும்பாலும் எதிலும் அடங்கா. விபத்துச் சேதமும், வெள்ளநீர் எஞ்சினுள் புகுந்த சேதமும் காப்பீட்டைச் சார்ந்தவை. பின்னதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு பாலிசியில் தேவைப்படும்.

தருபவர் யார் என்பதும் முக்கியம். கார் நிறுவனமே தருவது வேறு. விற்பனையாளர் வழியாக வேறொரு நிறுவனம் தருவது வேறு.

அடுத்தது எல்லை. மாருதி சுசூகி 2024 ஜூலையில் தன் அடிப்படை வாரண்டியை 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் என உயர்த்தியது. இவற்றுள் எது முந்துகிறதோ அத்துடன் முடியும். நாள்தோறும் 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 1,000 நாளில், அதாவது மூன்றாண்டு நிறைவதற்குள், அது தீர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் தினமும் ஓடுவோர் ஆண்டுக் கணக்கை மட்டும் நம்பலாகாது. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு விதிகள் வேறாக இருக்கலாம். பழைய கார் வாங்குவோர், மீதமுள்ள வாரண்டி தம் பெயருக்கு மாறுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் பெறுதல் நலம்.

நியாயமின்றி மறுத்தால் வழியுண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. கார் எங்கே வாங்கியதாயினும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம்; காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அச்சகோதரருக்காக அன்று மாலையே ஒரு கடிதம் எழுதினோம். விடுபட்ட அந்த ஒரு சர்வீஸுக்கும் கியர்பாக்ஸ் பழுதுக்கும் என்ன தொடர்பு என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதிலை எதிர்நோக்கியிருக்கிறோம். தாயாரோ இப்போது பேருந்தில் போய் வருகிறார்.

சகோதரர்களே! இன்றே உங்கள் சீட்டைத் தேடி எடுங்கள். பின்பக்கத்தை முதலில் படியுங்கள். சர்வீஸ் ரசீதுகளை அத்துடன் சேர்த்து வையுங்கள். வஸ்ஸலாம்.