இரு பெயர்களும் அச்சாக வேண்டும்

1902 ஏப்ரல் 2 அன்று டப்ளினில் ‘கேத்லீன் நி ஹூலிஹன்’ என்ற ஓரங்க நாடகம் அரங்கேறியது. அயர்லாந்தே மூதாட்டி வடிவில் ஒரு குடியானவர் வீட்டுக்கு வந்து, பறிபோன தன் நிலங்களை மீட்க இளைஞனை அழைத்துச் செல்வதே கதை. மூதாட்டியாக நடித்தவர் மாட் கான். அவர் 1900இல் தொடங்கிய ‘அயர்லாந்தின் புதல்வியர்’ அமைப்பு மேடையேற்றத்துக்குத் துணைநின்றது. உரையாடலில் பெரும்பகுதியை எழுதியவர் அகஸ்டா கிரிகரி. நாடகாசிரியராக உலகம் அறிந்ததோ டபிள்யூ.பி. யேட்ஸை மட்டுமே.

யேட்ஸுக்கு ஐரிஷ் மொழி தெரியாது; நாட்டுப்புற மக்களின் பேச்சும் அவருக்குக் கைவரவில்லை. கிரிகரி ஐரிஷ் கற்றவர். கால்வேயில் தம் கூல் பார்க் இல்லத்தைச் சுற்றியிருந்த எளிய மக்களிடம் கதை கேட்டுத் தொகுத்தவர். நாடகத்தின் கையெழுத்துப் படியில், தொடக்கப் பகுதி முழுவதும் தம்முடையதே என்று அவர் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். மற்றொரு நூலின் காணிக்கையுரையில் யேட்ஸ் அவருடைய உதவிக்கு நன்றி சொன்னது உண்மைதான். ஆனால் உதவி வேறு, ஆக்கம் வேறு. கிரிகரி பொதுவெளியில் உரிமை கோரவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. அது அவருடைய பெருந்தன்மை. பிறர் அதை ஆதாயமாக்கிக்கொண்டது அநீதி. கையெழுத்துப் படி ஆராயப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும் ஒற்றைப் பெயரோடு அந்நாடகத்தை அச்சிடுவோருக்கு, அறியாமல் செய்தோம் என்று சொல்லும் உரிமை இல்லை.

இது ஒரு நாடகத்தோடு முடிந்த கதையும் அல்ல. ஆலிஸ் மில்லிகனும் ஆனா ஜான்ஸ்டனும் 1896 முதல் 1899 வரை பெல்ஃபாஸ்டில் ‘ஷான் வான் வொக்ட்’ இதழை நடத்தினர். அதை நிறுத்தியபோது சந்தாதாரர் பட்டியலை ஐரிஷ் தேசியவாதி ஆர்தர் கிரிஃபித்தின் ‘யுனைடெட் ஐரிஷ்மேன்’ இதழுக்குக் கொடுத்தனர். கிரிஃபித்தின் பெயர் நிலைத்தது. அவருக்கு வாசகர்களைத் தேடித் தந்தவர்கள் அடிக்குறிப்புக்குள் ஒதுங்கினர்.

மறதி இலக்கியத்தோடு நிற்பதில்லை, சட்டத்திலும் ஏறுகிறது. 1916 ஈஸ்டர் எழுச்சியின் பிரகடனம் ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் ஒருசேர விளித்தது. 1937 அரசமைப்புச் சட்டமோ பெண்ணின் பங்களிப்பை வீட்டு வாழ்வோடு பிணைத்தது. அதை உறுதியாக எதிர்த்தவர்களுள் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் ஒருவர். 2024 மார்ச்சில் நடந்த பொதுவாக்கெடுப்பிலும் அந்தச் சட்டப்பிரிவு மாறவில்லை. மாற்றாக முன்வைத்த வாசகம் பலவீனமானது என்பது அதை நிராகரித்த பலருடைய வாதம். நல்ல வாசகத்தோடு மீண்டும் மக்களிடம் செல்வது அரசின் கடமை.

கிரிகரி இணைந்து நிறுவிய அபே நாடக அரங்கு, 1916 எழுச்சியின் நூற்றாண்டை ஒட்டி 2015இல் 10 நாடகங்களை அறிவித்தது. அவற்றில் பெண் எழுதியது ஒன்றே ஒன்று. நாடகத்துறைப் பெண்கள் திரண்டு கேள்வி எழுப்பிய பின்னரே நிர்வாகம் பாலினச் சமத்துவக் கொள்கையை வகுத்தது. நிறுவனருள் ஒருவரின் நினைவே அந்த அரங்குக்குப் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

பதிப்பாளர்களும் பல்கலைக்கழகங்களும் அரங்குகளும் செய்ய வேண்டியதில் குழப்பம் எதுவும் இல்லை. ‘கேத்லீன் நி ஹூலிஹன்’ இனி எங்கே அச்சானாலும், எங்கே மேடையேறினாலும், கிரிகரியின் பெயர் யேட்ஸின் பெயரோடு அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும்.