உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?



வேலூர் லாங் பஜாரை அறியாத குடும்பம் நம் பங்குகளில் இராது. திருமணத்துக்குப் பாத்திரமானாலும், திருவிழாவுக்குப் பூவானாலும், மழைக்காலத்துக்குக் குடையானாலும் அங்கேதான் செல்கிறோம். ஆயினும், "லாங் பஜாரைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று எவரேனும் கேட்டால் என்ன விடை கூறுவோம்? பொருளைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், கூட்டத்தில் இடிபடாமல் வெளியேறும் வழியைப் பார்த்தோம். தெருவைப் பார்த்தோமா என்பது ஐயமே. நெடுநாள் பழகிய ஒன்றை நாம் பார்ப்பதில்லை, பார்த்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இவ்வழக்கம் தெருவோடு நின்றுவிட்டால் பெருங்கேடு இல்லை. அது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிடுகிறதே, அதுதான் கவலை.

சில மாதங்களுக்கு முன் தம்பதியர் இருவர் நம்மைக் காண வந்தனர். அவர்களின் இசைவு பெற்றே இதனை எழுதுகிறோம், பெயர்கள் வேண்டாம். கணவர் லாங் பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுபவர். மனைவி ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியொன்றில் தையல் பிரிவில் வேலை செய்பவர். விடிந்தும் விடியாத பொழுதில் கம்பெனி வண்டி அவரை ஏற்றிச் சென்றுவிடும். கடை அடைத்துக் கணவர் வீடு திரும்ப இரவு பத்து மணியாகும். ஒரே மகள். அவளும் செவிலியர் படிப்புக்கு வெளியூர் சென்றுவிட்டாள். அவள் போனபின்தான் வீட்டிலிருந்த மௌனம் இருவர் காதிலும் விழத் தொடங்கியது.

"சாமி, எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. நான் என் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாமா என்று பார்க்கிறேன்" என்றார் அந்த அம்மையார். கணவர் தலை நிமிரவில்லை.

வழக்கமாகக் கூறும் அறிவுரைகளைக் கூறினோம். இரவில் சேர்ந்து செபமாலை சொல்லுங்கள், ஒருவரையொருவர் மன்னியுங்கள் என்றோம். நல்ல அறிவுரைகளே. ஆனால் அவர்கள் எழுந்து சென்ற விதத்திலேயே, நம் சொற்கள் அவர்கள் நெஞ்சின் கதவைத் தட்டவில்லை என்பது விளங்கிற்று.

கதவைத் தட்டியது வேறொன்று. மகள் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி, சுவரோரம் தூசி படிந்து நின்றது. ஒரு சனிக்கிழமை இரவு, "இதை யாருக்காவது கொடுத்துவிடலாம், வீணாகத் துருப்பிடிக்கிறது" என்றார் கணவர். "கொடுக்க வேண்டாம், நான் ஓட்டுவேன்" என்றார் மனைவி. கணவர் திகைத்து, "உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"பத்து வயதிலேயே வாடகைச் சைக்கிள் எடுத்து ஊரைச் சுற்றியவள் நான். நீங்கள் கேட்டதில்லையே!"

திருமணமாகி இருபத்திரண்டு ஆண்டுகள்! திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் அருளடையாளத்தின் தன்மைகளை எத்தனையோ இளைஞர்க்கு விளக்கியிருக்கிறோம். 'உன் மனைவிக்கு என்னவெல்லாம் தெரியும் என்று அவளையே கேள்' என்று ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. அது நம் குறை.

மறுநாள் ஞாயிறு. காலைத் திருப்பலி முடிந்ததும், பழைய வண்டியில் அவரும் மகளின் வண்டியில் அவருடைய மனைவியுமாகப் புறப்பட்டனர். முதலில் லாங் பஜார். கடைகள் முழுதும் திறக்கப்படாத வேளை. மூட்டை இறக்குவோரும், பூக்கூடை சுமப்போரும், தள்ளுவண்டியில் முள்ளுக் கத்தரிக்காய் குவிப்போருமே தெருவை ஆண்டுகொண்டிருந்தனர். இருபது ஆண்டுகள் தாம் உட்கார்ந்து எழுதும் கடையைக் கணவர் காட்டினார். மனைவி அதுவரை அதன் உள்ளே சென்றதில்லை. "இத்தனை சிறிய இடத்திலா நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றாராம்.

அடுத்தது கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர் எழுப்பிய கருங்கற் கோட்டை அது. அகழி சூழ்ந்த அம்மதிலுக்குள், நெடுங்காலம் வழிபாடின்றி இருந்து 1981ஆம் ஆண்டு மீண்டும் வழிபாடு தொடங்கப்பெற்ற சலகண்டேசுவரர் கோயிலும், ஒரு பள்ளிவாசலும், 1846ஆம் ஆண்டின் புனித யோவான் ஆலயமும் இருக்கின்றன. வண்டிகளை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே நடந்தனர். பள்ளியில் படித்த 1806ஆம் ஆண்டுப் புரட்சியைக் கணவர் நினைவுகூர்ந்தார். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோலாலான சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைத்தான் அணியவேண்டும் என்று கும்பினி ஆட்சி ஆணையிட்டது. அந்த ஆணை சிப்பாய்களின் நெஞ்சைப் புண்படுத்தியது. சூலை 10 விடியுமுன் கோட்டை வெடித்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை விரைந்து வந்து சில மணி நேரத்தில் அதனை அடக்கியது. இரு தரப்பிலும் மாண்டவர் பலர்.

நாள்தோறும் தோலைத் தைக்கும் அந்த அம்மையார் இதைக் கேட்டுவிட்டு, "யாரையும் கேட்காமல் தலையில் ஏற்றினால் இப்படித்தான் முடியும்" என்றாராம். சற்று நின்று, "என் நகையை அடகு வைத்தபோதும் என்னைக் கேட்கவில்லை" என்றாராம்.

மகளின் படிப்புக் கட்டணத்துக்காக வைத்த அடகு அது. கேட்டிருந்தால் தாமே கழற்றிக் கொடுத்திருப்பார். கேட்காததுதான் புண். ஓராண்டுக்கு மேலாக வாய் திறவாமல் வைத்திருந்த சொல், கோட்டை மதிலின் நிழலில் வெளிவந்தது. கணவரிடம் விடை இல்லை.

பின்னர் வடக்கே பாலாற்றங்கரைக்குச் சென்றனர். கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கன் 1815ஆம் ஆண்டு அரசிழந்து, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார். 1832ஆம் ஆண்டு இங்கேயே காலமானார். அவருடைய கல்லறையும் உறவினர் கல்லறைகளும் அங்கே முத்து மண்டபத்தில் உள்ளன. அதனைக் கடந்து பேருந்தில் எத்தனை முறை சென்றிருப்பர்! இறங்கிப் பார்த்தது அன்றுதான். "நாடு போனாலும் குடும்பம் கூடவே வந்திருக்கிறது" என்றார் மனைவி. மணல் வெளியாய்க் கிடந்த ஆற்றைப் பார்த்தபடி, "உன்னைக் கேட்டிருக்க வேண்டும். தவறு என்னுடையது" என்றார் கணவர். அவ்வளவே. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மன்னிப்பு அது என்று அந்த அம்மையார் நம்மிடம் கூறியபோது, அவருடைய குரல் தழுதழுத்தது.

திரும்பும் வழியில் மனைவியின் வண்டிச் செயின் கழன்றது. கணவர் குந்தி உட்கார்ந்து மாட்டினார். கையெல்லாம் கருமை. எதிரே மெழுகுதிரி வாங்க வந்த நாம், அந்தக் கையோடுதான் அவரைக் கண்டோம். அம்மையார் முகத்தில் சிரிப்பு இருந்தது. அதை அதற்குமுன் நாம் கண்டதில்லை.

இதில் மிதிவண்டிக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். மோட்டார் வண்டியில் முன்னவர் முதுகைத்தான் பின்னவர் பார்க்கிறார். காற்றிலும் இரைச்சலிலும் பேச்சு கேட்பதில்லை. மிதிவண்டியிலோ இருவரும் தத்தம் காலால் மிதிக்கவேண்டும். ஆனால் மெல்லச் செல்பவரின் வேகமே இருவரின் வேகம். முந்திச் சென்றவர் நின்று திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். இல்லறத்துக்கு இதைவிட நல்ல பாடம் ஏது? அறிவியல் மேதையரான பியேர் கியூரியும் மேரி கியூரியும் 1895ஆம் ஆண்டு மணந்தபோது, அன்பளிப்பாக வந்த பணத்தில் மிதிவண்டிகள் வாங்கி, பிரான்சு நாட்டுக் கிராமங்களைச் சுற்றி வந்தனர். அவர்கள் சமய நெறி நின்றவர் அல்லர். ஆயினும் இல்லறத்தை எங்ஙனம் தொடங்குவது என்பதை அறிந்திருந்தனர். நம் திருச்சபையும் மிதிவண்டியை மறக்கவில்லை. இத்தாலியில் கிசாலோ குன்றின் அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக 1949ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார்.

லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். எம்மாவுசுக்குச் சென்ற இருவரில் ஒருவர் கிளயோப்பா. மற்றவர் பெயர் இல்லை. அவர் கிளயோப்பாவின் மனைவியாக இருக்கலாம் என்று கருதும் விவிலிய அறிஞர் உளர். ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் வழி. உயிர்த்த ஆண்டவர் உடன் வந்து சேர்ந்ததும் முதலில் என்ன செய்தார்? போதிக்கவில்லை, கேட்டார். எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று வினவினார். எல்லாம் அறிந்தவர் ஒன்றும் அறியாதவர்போல் கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். அதன்பின்தான் மறைநூலை விளக்கினார். அதன்பின்தான் அப்பம் பிட்டார். அறிவுரையை முதலிலேயே அள்ளி வழங்கிய நம்மைப் போன்ற குருக்களுக்கும் அங்கே பாடம் இருக்கிறது.

அந்தத் தம்பதியரின் துன்பமெல்லாம் ஒரே ஞாயிற்றில் தீர்ந்துவிட்டதாக நாம் கூறவில்லை. நகை இன்னும் மீளவில்லை. கம்பெனி வண்டி இன்றும் விடியலில் வருகிறது. கடையும் இரவில்தான் அடைக்கப்படுகிறது. ஆனால் அண்ணன் வீட்டுப் பேச்சு இப்போது எழுவதில்லை. மாதம் ஒரு ஞாயிறு இரு வண்டிகளும் புறப்படுகின்றன. சென்ற மாதம் சத்துவாச்சாரி வரை போய் வந்தார்களாம்.

அன்பான பெற்றோரே! உங்கள் வீட்டில் மிதிவண்டி இல்லாவிடில் கால்கள் இருக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, இருவருமாக உங்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். விடை தெரியாத கேள்வி ஒன்றையேனும் உங்கள் துணையைக் கேளுங்கள். கேட்டபின் பொறுத்திருங்கள். வழியில் உங்களோடு சேர்ந்து நடக்கும் மூன்றாமவர் உங்கள் இல்லத்துக்கும் வந்து தங்குவாராக!